எடுக்காத பதினோரு அழைப்புகள்

மார்ச் மாதத்தின் முதல் பத்து நாளில் பிஹ்லாவின் கைபேசிக்குப் பதினோரு அழைப்புகள் வந்தன. பதினொன்றையும் அவள் எடுக்கவில்லை. ஒவ்வொரு முறையும் கைபேசி சமையலறை மேசைமேல் அதிர்ந்து அதிர்ந்து ஓரத்துக்கு நகர்ந்து வரும். கீழே விழுவதற்குள் அவள் அதைப் பிடித்து மறுபடி நடுவில் வைப்பாள். காதில் வைத்து என்ன செய்ய? பிறந்ததிலிருந்தே அவளுக்குக் காது கேட்காது.

தாம்பெரே நகரத்துப் பல்கலைக்கழகத்தில் அவளுக்கு உற்பத்திப் பொறியியலில் அது கடைசிப் பருவம். ஜூன் மாதம் கையில் பட்டம் இருக்கும், வேலை இருக்குமா என்பதுதான் தெரியாது. இதுவரை முப்பத்தெட்டு விண்ணப்பங்கள் அனுப்பியிருந்தாள். காது கேட்காது என்று ஒன்றிலும் எழுதவில்லை. ‘மின்னஞ்சலிலோ குறுஞ்செய்தியிலோ தொடர்பு கொள்ளவும்’ என்று மட்டும் கொட்டை எழுத்தில் போட்டிருந்தாள். அவள் ஊர்க்காரர்கள் லிஃப்டில் பக்கத்து வீட்டுக்காரர் ஏறினால்கூடக் கூரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவர்கள். வேலைக்கு ஆள் எடுக்கும்போது மட்டும் அவர்களுக்கு எங்கிருந்துதான் பேச்சு ஆசை வருமோ, உடனே எண்ணைத் தட்டிவிடுவார்கள்.

அவளோடு வீட்டைப் பகிர்ந்துகொண்ட வில்யாவின் கதை நேரெதிர். நகர நிர்வாகம் படிக்கும் வில்யா சக்கர நாற்காலியில் இருப்பவள். அவளுடைய விண்ணப்பத்தின் முதல் வரியே அதுதான். இருபத்தொன்பது அனுப்பினாள், இருபத்தொன்பதுக்கும் பதில் வந்தது. ‘உங்கள் தகுதிகள் எங்களை மிகவும் கவர்ந்தன’ என்று தொடங்கி, ‘இம்முறை’ என்ற சொல்லில் வழுக்கி விழும் பதில்கள்.

மூன்று வருடம் சேர்ந்து இருந்ததில் வில்யா சைகைமொழி கற்றுக்கொண்டிருந்தாள். இலக்கணம் சுத்தமாகக் கிடையாது, ஆனால் வேகத்துக்குக் குறைவில்லை. இருவரும் சமையலறையில் உட்கார்ந்து கைகளால் சண்டை போடுவது தினப்படி நடப்பதுதான்.

“மொத வரியிலயே நாற்காலிய உருட்டிக்கிட்டுப் போயி அவங்க கால் மேல ஏத்துறடி நீ,” என்றாள் பிஹ்லா.

“நீ மட்டும் என்னவாம்? மறைச்சு மறைச்சு வச்சு, கடைசியில ஃபோனக்கூட எடுக்காத திமிர் புடிச்சவன்னு பேர் வாங்குற.”

“பந்தயம் வச்சுக்கலாமா? யாருக்கு முதல்ல இன்டர்வியூ வருதுன்னு.”

“தோத்தவ இந்த வசந்தம் முழுக்க ஜன்னல் எல்லாம் தொடைக்கணும்.”

“நீ எப்படி மேல் ஜன்னலத் தொடைப்ப?”

“நான் தோத்தாத்தானடி அந்தக் கவலை.”

பன்னிரண்டாவது அழைப்பு வந்தபோது பிஹ்லா குளித்துக்கொண்டிருந்தாள். அந்த அதிர்வைப் பத்து நாளாகக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போயிருந்த வில்யா, எட்டிக் கைபேசியை எடுத்து, “பிஹ்லா பேசுறேன்,” என்றுவிட்டாள். ஏன் அப்படிச் சொன்னாள் என்று பிறகு அவளுக்கே தெரியவில்லை. வாய் முந்திக்கொண்டது.

தலையில் துண்டோடு பிஹ்லா வெளியே வந்தபோது வில்யாவின் முகம் திருட்டுப் பூனை மாதிரி இருந்தது.

“உனக்கு இன்டர்வியூ கெடைச்சிருக்கு. கறுப்பு ரை ரொட்டி சுடுற ஆலையில. உற்பத்தித் திட்டமிடல்ல உதவியாளர். வர்ற செவ்வாய் பத்து மணி.”

“எப்படி?”

“ஓஸ்மோன்னு ஒருத்தர், திட்டப் பிரிவு மேலாளர். நல்லாப் பேசுறார். கால் மணி நேரம் பேசினோம்.”

“நீ பேசுனியா? நானா?”

“நீயாத்தான் பேசினேன். ரை ரொட்டின்னா உனக்கு உயிருன்னு சொன்னேன். உன் குரல் ரொம்பத் தெளிவா இருக்குன்னு பாராட்டினார்.”

பிஹ்லா துண்டை அவிழ்த்து அவள்மேல் எறிந்தாள். அப்புறம் அரை மணி நேரம் இருவர் கையும் ஓயவில்லை. “அங்க போயி நான் வாயத் தொறந்தா என்னடி ஆகும்?” என்று அவளும், “பந்தயத்துல நீ ஜெயிச்சிட்டேல்ல, அதப் பாரு,” என்று இவளும். கோபத்துக்கு நடுவிலும் பிஹ்லாவுக்குச் சிரிப்பு வந்தது. முப்பத்தெட்டு விண்ணப்பத்துக்கு விடிந்த முதல் பலன், அதுவும் இவள் குரலுக்குக் கிடைத்திருக்கிறது.

மறுநாள் பல்கலைக்கழகத்தின் வேலை ஆலோசகர் ஹன்னேலேவிடம் போனாள். இலையுதிர் காலத்தில் முதன்முறை போனபோது, ஆய்வகம், நூலகம், ஆவணக் காப்பகம் என்று ஒரு பட்டியலை ஹன்னேலே நீட்டியிருந்தார். எல்லாமே அமைதியான இடங்கள். “காது கேக்காதவளுக்கு அமைதி எதுக்கு? அது உங்களுக்குத்தான் வேணும். எனக்குச் சத்தமான இடம் எதாச்சும் இருந்தா சொல்லுங்க,” என்று பிஹ்லா கணினியில் தட்டிக் காட்டியதிலிருந்து ஹன்னேலே பட்டியல் போடுவதை நிறுத்தியிருந்தார்.

ஒரே விசைப்பலகையை மாற்றி மாற்றித் தட்டிக்கொண்டு பேசினார்கள். நடந்ததைப் படித்து முடித்ததும் ஹன்னேலே கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரித்துச் சிரித்து வந்த கண்ணீர்.

‘சொல்றதா வேண்டாமாங்கறத விடு. இனி சொல்லித்தான் ஆகணும்,’ என்று தட்டினார். ‘ஆனா மன்னிப்புக் கேக்கற மாதிரி எழுதாத. உனக்கு என்ன வேணுமோ அத எழுது.’

‘அந்தக் குரல் விஷயம்?’

‘அதுக்கு மட்டும் மன்னிப்புக் கேட்டுக்க.’

ஐந்து முறை எழுதி அழித்து, கடைசியில் இப்படி அனுப்பினாள்: ‘நேற்று உங்களோடு பேசியது என் தோழி. அதற்காக மன்னிக்கவும். எனக்குக் காது கேட்காது. செவ்வாய்க்கிழமை சைகைமொழி பெயர்ப்பாளரோடு வருவேன், அரசு அவரை அனுப்பும், உங்களுக்குச் செலவு இல்லை. ரை ரொட்டி எனக்கு உண்மையிலேயே பிடிக்கும்.’

ஓஸ்மோவிடமிருந்து சாயங்காலம் பதில் வந்தது. ‘சரி. பத்து மணி.’

அந்த ஒற்றைச் ‘சரி’யை வில்யாவும் அவளும் இரவுச் சாப்பாடு முடியும்வரை புரட்டிப் புரட்டிப் பார்த்தார்கள். கோபச் சரியா, சாதாரணச் சரியா? சரிக்குப் பின்னால் முற்றுப்புள்ளி ஏன் வைத்தார்? ஒன்றும் பிடிபடவில்லை.

செவ்வாய்க்கிழமை ஆலை வாசலில் எல்யாஸ் முன்பே வந்து நின்றிருந்தான். முதல் வருடத்திலிருந்து பிஹ்லாவின் வகுப்புகளுக்கு வரும் மொழிபெயர்ப்பாளன். ஆறடிக்கு மேல் உயரம், கிணற்றுக்குள்ளிருந்து வருவது போன்ற குரல், எந்நேரமும் பசி. காலைக் காற்றில் சுட்ட மாவின் வாசனை அடித்துக்கொண்டிருந்தது.

“உள்ள பன் குடுப்பாங்களா?” என்று கேட்டான்.

“இன்டர்வியூ எனக்குடா. உனக்கு என்ன பன்?”

“நான் எப்பவாச்சும் வாயத் தொறந்து கேட்டிருக்கேனா? அதுவா வந்தா வேண்டாங்கறதில்ல.”

“கேட்டுக்க. நான் சொல்றதச் சொல்லு. நீயா ஒண்ணும் சேக்காத.”

“சேக்கவும் மாட்டேன், கொறைக்கவும் மாட்டேன். மூணு வருஷமா அதானே பண்றேன்.”

சின்ன அறையில் இரண்டு பேர் காத்திருந்தார்கள். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓஸ்மோ. பக்கத்தில் ரொட்டி வெட்டும் பிரிவின் மேற்பார்வையாளர் ரைலி, வெள்ளை அங்கியும் தலையில் வலைத்தொப்பியும் போட்டிருந்த அகன்ற பெண்மணி. மேசையில் காபியும் ஏலக்காய் பன்னும் இருந்தன. எல்யாஸின் முகம் மலர்ந்ததைப் பிஹ்லா மட்டும் கவனித்தாள்.

அவள் தன்னை அறிமுகம் செய்துகொண்டாள். அவள் கை அசைய அசைய, எல்யாஸ் அந்தக் கிணற்றுக் குரலில், “என் பேரு பிஹ்லா. வயசு இருபத்திமூணு. ரொட்டிகளை ஆற வைக்கிற நேரத்தைப் பத்தித்தான் என் கடைசி வருஷ ஆய்வு,” என்றான். ஓஸ்மோவின் பார்வை அந்தக் குரல் வந்த பக்கம் போனது. போனது போனதுதான், திரும்பவில்லை.

“இவங்க இந்தத் துறைய ஏன் தேர்ந்தெடுத்தாங்க?” என்று ஓஸ்மோ எல்யாஸைக் கேட்டார்.

எல்யாஸ் அதை அப்படியே கைக்கு மாற்றினான். பிஹ்லா பதில் சொன்னாள். எல்யாஸ் அதைக் குரலாக்கினான். ஓஸ்மோ எல்யாஸைப் பார்த்துத் தலையாட்டினார். “நல்ல பதில்,” என்று எல்யாஸிடமே சொன்னார்.

இப்படி இருபது நிமிடம் ஓடியது. ஓஸ்மோ கெட்டவர் இல்லை, வெட்கப்பட்டார். எங்கே பார்ப்பது என்று தெரியாமல், பழக்கமான இடத்தில், அதாவது பேசுகிற வாயில் கண்ணைப் பதித்துவிட்டார். போகப் போக அவருக்கு எல்யாஸை ரொம்பவே பிடித்துப்போனது. கேள்வியை நிறுத்தி, “நீங்க எப்படி இந்தத் தொழிலுக்கு வந்தீங்க?” என்றுகூடக் கேட்டுவிட்டார்.

எல்யாஸ் அதையும் மொழிபெயர்த்தான். “என்னக் கேக்கறார், நான் எப்படி இந்தத் தொழிலுக்கு வந்தேன்னு.”

“ஒரு பொண்ணு பின்னாடி போயி வந்தான், அவ வேற ஒருத்தனக் கட்டிக்கிட்டான்னு சொல்லு,” என்று பிஹ்லாவின் கை சொன்னது.

எல்யாஸ் தொண்டையைச் செருமிக்கொண்டு, அதைச் சொன்னான். ரைலி காபியைக் கீழே வைத்தார். ஓஸ்மோ, “அடப் பாவமே,” என்று எல்யாஸுக்காக வருத்தப்பட்டார்.

பிஹ்லாவுக்குப் பொறுமை போய்விட்டது. முப்பத்தெட்டு விண்ணப்பம், மூன்று வருடப் படிப்பு, இஸ்திரி போட்ட சட்டை, எல்லாம் இங்கே வந்து இவனுடைய காதல் கதையில் நிற்கிறது. எல்யாஸ் பக்கம் திரும்பி விறுவிறுவென்று கையை வீசினாள். அது அவனிடம் அவள் கொட்டிய எரிச்சல், அறைக்குச் சொன்னது இல்லை. ஆனால் கை அசைந்தால் குரலாக்குவதுதான் எல்யாஸின் விதி. சேர்க்கவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன் என்றவன்.

“இந்த ஆளு என்னைய ஒரு தடவை நிமிந்து பாத்தா கல்லாச் சமைஞ்சிடுவாரா?” என்றது கிணற்றுக் குரல்.

சொல்லி முடித்ததும் எல்யாஸ் தன் கைகளை மடிமேல் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தான். பிஹ்லாவுக்கு அவன் உதடு அசைந்ததே போதுமானதாக இருந்தது. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தாள். காது மடல்வரை சூடேறியது.

முதலில் குலுங்கியவை ரைலியின் தோள்கள். பிறகு அவர் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். ஓஸ்மோ சிவந்துபோய் ஒரு வாய் காபி குடித்தார். அதன்பின் நாற்காலியை ஒரு சாண் திருப்பிப்போட்டு, பிஹ்லாவின் முகத்துக்கு நேராகப் பார்த்தார்.

“மன்னிச்சுக்கங்க. கல்லாகல. இன்னும் ஆகல,” என்றார்.

பிஹ்லா சிரித்துவிட்டாள். அவரும் சிரித்தார். “வாங்க, ஆலையச் சுத்திப் பாத்துக்கிட்டே பேசலாம்,” என்று எழுந்தார்.

எல்லோரும் அங்கியும் வலைத்தொப்பியும் மாட்டிக்கொண்டார்கள். கூடத்துக் கதவில் ரைலி காதடைப்பான்களை எடுத்துக் கொடுத்தார். பிஹ்லாவுக்கும் ஒன்று நீட்டி, நீட்டிய பிறகு கையை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். பிஹ்லா அதை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

உள்ளே போனதும் தரை வழியாகவே அந்த இரைச்சல் அவள் எலும்பில் ஏறியது. கலவை இயந்திரங்கள் ஒரு பக்கம், தட்டுகளை இழுக்கும் சங்கிலிகள் ஒரு பக்கம், ஆறிய ரொட்டியை வெட்டும் கத்திகள் ஒரு பக்கம். ஓஸ்மோ வாயைத் திறந்து மூடினார். எல்யாஸ் கையைக் காதருகே குவித்தான். ஓஸ்மோ மறுபடி கத்தினார். எல்யாஸ் உதட்டைப் பிதுக்கினான். ஒரு சொல் கேட்கவில்லை. மொழிபெயர்க்க ஏதாவது இருந்தால்தானே மொழிபெயர்ப்பான்.

பிஹ்லா அவர்களைப் பார்க்கவில்லை. கன்வேயர் பெல்ட்டின் அந்தக் கோடியில் நின்ற ஒருவன் முழங்கையில் இரண்டு விரலைத் தட்டினான். முப்பது அடி தள்ளி நின்ற பெண் கட்டைவிரலைக் கீழே சாய்த்தாள். உடனே பெல்ட் மெதுவானது. பிஹ்லா ரைலியின் தோளைத் தொட்டு, முழங்கையில் இரண்டு விரலைத் தட்டிக் காட்டிப் புருவத்தை உயர்த்தினாள்.

ரைலியின் கண் விரிந்தது. பெல்ட்டைக் காட்டிக் கையைத் தாழ்த்தினார்: மெதுவாக ஓட்டு. அடுத்து உள்ளங்கைகளைக் குறுக்காக மாட்டிக் காட்டினார்: தட்டு சிக்கிக்கொண்டது. பிறகு கன்னத்தில் கையால் வழித்தார்: ரொட்டி இன்னும் சூடு. மணிக்கட்டைச் சுற்றி விரலைச் சுழற்றினார்: கத்தி மாற்ற வேண்டும். எந்தப் பள்ளியிலும் படிக்காத சைகைகள், இரைச்சலில் இருபது வருடமாக அவர்களுக்குள் முளைத்தவை. சிலது பிஹ்லாவுக்குப் பார்த்ததும் விளங்கியது. சிலதை அவள் தப்பாகச் செய்ய, வெட்டும் பெண்கள் இருவர் தலையை ஆட்டித் திருத்தினார்கள்.

ஓஸ்மோ எல்யாஸின் காதடைப்பானைத் தூக்கி வாயை உள்ளே நுழைத்து, “என்ன பேசிக்கிறாங்க?” என்று அலறினார்.

“தெரியல. இது எனக்குத் தெரிஞ்ச மொழி இல்ல,” என்று அவனும் அலறினான்.

அந்த மேலாளர் அங்கே பத்தொன்பது வருடமாக வேலை பார்ப்பவர். மேல்மாடி அலுவலகத்தில்.

அறைக்குத் திரும்பியதும் பிஹ்லா பேனாவை எடுத்தாள். ரொட்டியின் அளவு மாற மாற, ஒரு காலைப்பொழுதில் மட்டும் மூன்று முறை கத்தி மாற்றுகிறார்கள், ஒவ்வொரு முறையும் இருபது நிமிடம் பெல்ட் நிற்கிறது என்று ரைலி காட்டியிருந்தார். சின்ன ரொட்டிகளை எல்லாம் ஒரே மூச்சில் வெட்டினால் ஒரு முறை மாற்றினால் போதுமே என்று கட்டம் போட்டு வரைந்து காட்டினாள். எல்யாஸ் பேசினான்.

“முடியாது,” என்றார் ஓஸ்மோ. “சீரகம் போட்ட ரொட்டியும் சின்னதுதான். அத முன்னாடி ஓட்டினா அன்னிக்கு வர்ற அத்தனை ரொட்டியும் சீரகமா மணக்கும்.”

“அப்ப அதக் கடைசியில ஓட்டுங்க.”

“கடைசியில ஓட்டினா வடக்க போற லாரி போயிடும். சீரக ரொட்டி சாப்பிடறவங்க எல்லாம் வடக்கதான் இருக்காங்க.”

“லாரிய ஒரு மணி நேரம் தள்ளிப் போகச் சொல்லுங்க.”

“அங்க கடைக்காரங்க நாலு மணிக்கு மேல எறக்க மாட்டாங்க.”

பிஹ்லா தாளைத் தன் பக்கம் இழுத்தாள். ஓஸ்மோ தன் பக்கம் இழுத்தார். அவர் ஒரு கோடு போட, இவள் அதை அடித்து இன்னொன்று போட்டாள். அவர் விரலால் மேசையைத் தட்டி லாரியைக் காட்டினார், இவள் தலையை ஆட்டி அடுப்பைக் காட்டினாள். தாள் தீர்ந்து அதன் பின்பக்கமும் தீர்ந்தது. எல்யாஸுக்கு வேலையே இல்லாமல் போய் ரொம்ப நேரமாகியிருந்தது. அவன் இரண்டாவது பன்னை முடித்து மூன்றாவதை எடுத்தபோது, ரைலி தட்டை அவன் பக்கம் தள்ளி வைத்தார்.

கடைசியில் அவள் சொன்ன எதுவும் சரிப்பட்டு வரவில்லை. “தப்பாத்தான் போட்டிருக்கேன்,” என்று ஒப்புக்கொண்டாள்.

“நானும் அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி இதே தப்பப் போட்டேன்,” என்றார் ஓஸ்மோ. அவளைப் பார்த்துத்தான் சொன்னார்.

வெளியே வந்து டிராமுக்கு நிற்கும்போது அவள் எல்யாஸைப் பிடித்து உலுக்கினாள். “கல்லாச் சமையறத எதுக்குடா சொன்ன?”

“நீதானே சொன்ன.”

“அது உங்கிட்ட.”

“எங்கிட்ட சொல்றதா இருந்தா வாசல்லயே சொல்லணும். உள்ள போயிட்டா எனக்குத் தனியா காதும் கெடையாது, தனியா வாயும் கெடையாது.” சட்டையில் ஒட்டியிருந்த சர்க்கரையைத் தட்டிவிட்டான். “எனக்கு வயிறு மட்டுந்தான்.”

ஒன்பது நாள் பதில் வரவில்லை. இதற்கிடையில் வில்யாவுக்கும் ஒரு வீட்டுவசதிச் சங்கத்திலிருந்து நேர்காணல் வந்தது. போய்ப் பார்த்தால் வாசலில் ஏழு படி. சங்கத் தலைவரும் செயலாளரும் கோட்டை மாட்டிக்கொண்டு கீழே இறங்கி வந்து, கரையும் பனியில் நின்றபடி கேள்வி கேட்டார்கள். தலைவருக்கு மூக்கு ஒழுகியது. “முதல் வேலையா என்ன செய்வீங்கன்னு கேட்டாங்க,” என்றாள் வில்யா. “இந்தப் படிய இடிப்பேன்னு சொன்னேன். யோசிச்சுச் சொல்றோம்னு ஓடிட்டாங்க.”

பத்தாம் நாள் ஓஸ்மோவின் மின்னஞ்சல் வந்தது. அவர் அளவுக்கு அது ஒரு காவியம், முழுதாக ஐந்து வரி. ஜூன் முதல் தேதியிலிருந்து வேலை, முதலில் ஆறு மாதம், பிறகு நிரந்தரம் பற்றிப் பேசலாம். கூடத்துத் தீ எச்சரிக்கை மணி ஒலி மட்டும்தான் எழுப்பும், விளக்கும் வைக்க மின்பணியாளரிடம் சொல்லியாயிற்று. வேறு என்ன தேவை என்று எழுதவும். லாரிக் கணக்கு இன்னும் தீரவில்லை. ரைலி விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்.

பிஹ்லா அதை நின்றுகொண்டு ஒரு முறையும், உட்கார்ந்து ஒரு முறையும் படித்தாள். பிறகு வில்யாவின் நாற்காலியைப் பிடித்துச் சமையலறையில் இரண்டு சுற்றுச் சுற்றினாள். வாராந்தரக் கூட்டத்துக்கு மொழிபெயர்ப்பாளர் வர வேண்டும், அவசரச் செய்தி குறுஞ்செய்தியாக வர வேண்டும், முதுகுக்குப் பின்னால் கதவு இருக்கும் இடத்தில் மேசை போடக் கூடாது என்று மூன்றே விஷயம் எழுதி அனுப்பினாள். ‘சரி’ என்று வந்தது. இந்த முறை அதை யாரும் ஆராயவில்லை.

ஜூன் முதல் நாள், காலை ஒன்பது மணிக் காபி. கீழ்த்தள ஓய்வறையில் எட்டுப் பேர் நீள மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். ரைலி பிஹ்லாவைத் தன் பக்கத்தில் உட்கார வைத்து, ஒரு தாளில் எழுதி நகர்த்தினார்: ‘உங்க மொழியில ஆளுக்கு ஆள் சைகைப் பேர் வைப்பீங்களாமே?’

பிஹ்லா தலையாட்டினாள். ஆளைப் பார்த்தால் எது கண்ணில் படுகிறதோ அதுவே பேர் என்று எழுதினாள். மேசை முழுதும் தங்களுக்கு வைக்கச் சொல்லிக் கையைத் தூக்கியது. சுருட்டை முடிக்காரனுக்குச் சுருள், எப்போதும் மூக்கைச் சொறிகிறவளுக்கு மூக்கு. ரைலியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தோள்கள் குலுங்குவதைச் செய்து காட்டினாள். எல்லோரும் அதைத் திரும்பச் செய்து பார்த்தார்கள்.

‘ஓஸ்மோவுக்கு?’ என்று எழுதினாள்.

மேசையில் ஒரு கள்ளப் பார்வை சுற்றி வந்தது. ரைலி கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டு, இரண்டு கையாலும் இடுப்பில் இல்லாத கால்சட்டையைப் பிடித்து நெஞ்சுவரை தூக்கினார். அந்தப் பேர் பன்னிரண்டு வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறதாம்.

கதவு திறந்து ஓஸ்மோ உள்ளே வந்தார். கால்சட்டையை மேலே இழுத்துவிட்டுக்கொண்டே வந்தார். எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் கோப்பைக்குள் முகத்தைப் புதைத்தார்கள்.

அவர் பிஹ்லாவின் முன்னால் வந்து நின்று, முகத்துக்கு நேராக, உதட்டை மெதுவாக அசைத்து, “என்ன சிரிப்பு?” என்றார்.

பிஹ்லா தாளை எடுத்து, ‘லாரிக் கணக்கு’ என்று எழுதிக் காட்டினாள். ஓஸ்மோ நம்பிவிட்டார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து பேனாவைக் கேட்டார்.